நான் வாய் மூடியிருந்த நாற்பத்தேழு நிமிடங்கள்

போன புதன்கிழமை, காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பத்தேழு வரைக்கும், சடையப்பனாகிய நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.

என்னை அறிந்தவர் ஒருவரும் இதை நம்பமாட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவன் நான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பூரி மாதிரி உப்பிவிடும். அத்தனை பம்புகளின் இரைச்சலையும் மீறி நான் சொன்ன கதை பக்கத்துச் சுரங்கம்வரை கேட்டு, அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு தடவை பண்ருட்டி பஸ் முத்தாண்டிக்குப்பத்தில் இருபது நிமிடம் கிளம்பாமல் நின்றது. கண்டக்டருக்குக் கதையின் முடிவு தெரிய வேண்டியிருந்தது. தாலி கட்டும் நேரத்திலும் நான் மாமனாருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததில், மூன்று முடிச்சையும் என் அக்காவே போட்டுவிட்டாள். "எனக்குத் தாலி கட்டுனது உங்க அக்காதான்" என்று கலியம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட நான், நாற்பத்தேழு நிமிடம்.

என் மருமகள் சத்யப்பிரியாவிடம் சொன்னேன். "அளக்காதீங்க மாமா" என்றாள். அவள் வளையமாதேவிக்காரி. சுரங்கத்துக்கு நிலம் அளக்க வந்தவர்களையே மேலும் கீழும் பார்த்து, "சங்கிலிய நேரா புடிங்க" என்று சொன்ன குடும்பம். அவ்வளவு சுலபமாக எதையும் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இதுவரை நடந்ததைப் புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கலியம்மாள் போய்விட்டாள். மாரடைப்பு. கடைசியாக அவள் என்னிடம் என்ன சொன்னாள் என்று துக்கம் கேட்க வந்த பதினாறு பேருக்குப் பதினாறு விதமாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் அருமையாக இருந்தது. கேட்டவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் என் ஒரே மகன் மணிமாறன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். முப்பத்து மூன்று வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. திடீரென்று மூச்சு அடைக்கும், விரல்கள் மரத்துப்போகும், சட்டை நனைகிற மாதிரி வியர்க்கும். "செத்துருவேன்" என்பான். கால் மணி நேரத்தில் தானாக அடங்கும். மூன்று தடவை ஈசிஜி எடுத்தாயிற்று. எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல்.

நார்மல் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் ஊரையே சிரிக்க வைத்தேன். "எம்மவன் இதயத்தப் பாத்து டாக்டரே பொறாமப்பட்டாரு" என்றேன். மணிமாறன் மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் முதல் ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி இறங்கி, புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் டாக்டர் ஒரு மனநல மருத்துவரின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். அந்தச் சீட்டை நான் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். துவைக்கப் போட்டபோது சத்யப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை. மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை.

"இத ஏன் மாமா மறைச்சீங்க?"

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டருமா அது. திங்கக்கிழமை அவனுக்கு மெடிக்கல் செக்கப் இருக்குது. கேட் பாஸ் புதுப்பிக்கணும். வெளிய தெரிஞ்சா கான்ட்ராக்டரு வேற ஆள எடுத்துக்குவான்."

"வேலைதான் உங்களுக்கு முக்கியமா?"

"அவனுக்கு வாயுக் கோளாறும்மா. உங்க அத்த இருந்திருந்தா ஒரு இஞ்சிக் கஷாயம்..."

சட்டென்று நிறுத்தினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"படிங்க."

"கண்ணாடி இல்லியேம்மா."

"தலை மேல இருக்குது."

மணிமாறன் கையெழுத்து. மேலே 'நான் இல்லன்னா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

'வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா சோக் இழுக்கணும். பாப்பா இளவேனிலுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, பள்ளிக்கூடத்துல சொல்லிடு. தண்ணி மோட்டார் ஓடலன்னா பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டு. சுத்தியால இல்ல, உள்ளங்கையால.'

இப்படிப் பதினோரு வரி. கடைசி வரி இது:

'அப்பா நெஞ்சு வலின்னு சொன்னா சோடா வாங்கிக் குடுக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ.'

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன்.

"பதினோரு நாளா இத எழுதிக்கினு இருக்காரு மாமா. தினமும் ஒரு வரி சேக்குறாரு. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காரு." அவள் குரல் உடைந்தது. "அந்த மனுசன் உசிரோட இருந்துக்கினே செத்துப்போய்க்கினு இருக்காரு. இன்னிக்கு அந்த டாக்டரு கடலூர்லருந்து வர்ற நாளு. நான் கூட்டிக்கினு போறேன்."

"நானும் வரேன்."

"வாங்க. ஆனா அங்க வந்து கதை சொல்லக் கூடாது."

"நான் எங்கம்மா கதை சொல்றேன்?"

அவள் பார்த்த பார்வைக்குப் பதிலாகச் சட்டையை எடுத்து மாட்டினேன்.

மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அந்த கிளினிக். நாங்கள் படியேறும்போது என்னோடு வேலை பார்த்த ஜெயராமன் இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டான்.

"பல்லு வலி சடையப்பா. டாக்டர்கிட்ட வந்தேன்."

அந்த மாடியில் பல் டாக்டர் கிடையாது.

"நாங்களும் பல்லுக்குத்தான்" என்றேன்.

அவன் நிம்மதியாக இறங்கிப் போனான்.

கடைசி டோக்கன் எங்களுக்குத்தான் கிடைத்தது. உள்ளே மணிமாறனும் நானும் போனோம். வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்ட சத்யப்பிரியா, என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினாள்.

டாக்டர் கண்ணகிக்கு நாற்பது வயதிருக்கும். மேஜை மேல் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. எதிர்ச் சுவரில் கடிகாரம்.

"சொல்லுங்க மணிமாறன்" என்றார்.

நான் சொன்னேன். இஞ்சி, வாயு, முதல் ஷிப்டு, வெறும் வயிறு, பொறாமைப்பட்ட டாக்டர், இடையில் பண்ருட்டி பஸ். டாக்டர் எட்டு நிமிடம் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"அய்யா, நீங்க ஷிப்டுல வேலை பார்த்தவரு. இன்னிக்கு உங்க ஷிப்டு இல்ல. இவரோடது. இவர் முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. ஆறுதல்கூட வேணாம். முடியாதுன்னா வெளிய உட்கார்ந்துக்கலாம்."

"முடியும்."

"உங்களுக்கு இது சம்மதமா மணிமாறன்?"

அவன் தலையாட்டினான். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

முதல் பத்து நிமிடம் அவனும் பேசவில்லை. என் தொண்டைக்குள் ஐந்து கதைகள் வரிசையில் நின்று ஒன்றையொன்று இடித்தன. நாக்கைக் கடித்ததில் பாதி நாக்கு அறுந்தே போயிருக்கும்.

டாக்டர்தான் கேட்டார்: "சாகணும்னு தோணுதா? இல்ல, செத்துருவோம்னு பயமா?"

"பயம்தான் மேடம். சாவணும்னு இல்ல. எனக்குப் பொண்ணு இருக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அது வந்துவிட்டது. கை நெஞ்சுக்குப் போனது. உதடு வெளுத்தது. நாற்காலியின் நுனிக்கு வந்து காற்றை விழுங்கினான். "மேடம், வருது, வருது."

சோடா வாங்கி வா என்று கத்த என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். கைதான் தானாக நீண்டு அவன் முதுகில் பதிந்தது. ஓடுகிற பம்பின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். அவன் முதுகு அதைப்போலத்தான் அதிர்ந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. "பாதம் ரெண்டையும் தரையில அழுத்துங்க. மூச்ச இழுக்குறதப் பத்திக் கவலப்படாதீங்க, மெதுவா வெளிய விடுங்க. இன்னும் மெதுவா. இது ஏறும், அப்புறம் எறங்கும். நான் இங்கதான் இருக்கேன்."

ஏறியது. இறங்கியது.

"உங்க வலி நெஜம் மணிமாறன். நீங்க நடிக்கல. உங்க இதயம் நல்லா இருக்குன்றதும் நெஜம். ரெண்டும் ஒரே நேரத்துல நெஜமா இருக்கலாம். பயம் உடம்புல ஏறும்போது இதயம் அடிச்சுக்கும், கை மரத்துப்போகும், வேர்க்கும். இது வர்ற நெறைய பேரு மாரடைப்புன்னுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. ஓடுனது தப்பும் இல்ல. நாளைக்கே புதுசா, வேற மாதிரி வலி வந்தா மறுபடியும் போய்ப் பாக்கணும். நார்மல்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. இதயத்துல இல்லன்னு அர்த்தம்."

எட்டு மாதத்தில் அவனிடம் 'நீ நடிக்கல' என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் அழ ஆரம்பித்தான்.

சுரங்கத்தில் சில ஆழ்துளைக் குழாய்களில், மோட்டாரே போடாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வரும். புதிதாக வேலைக்கு வந்தவன் பதறிப்போய் வால்வை மூட ஓடுவான். பொங்கும்போது வால்வைத் தொடாதே, பக்கத்தில் நின்று ரீடிங் மட்டும் எழுது. இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் எட்டு மாதமாக வால்வை மூடிக்கொண்டிருந்தவன் யார் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது.

மணிமாறன் சொன்னான்.

"அன்னிக்கு முதல் ஷிப்டு மேடம். அஞ்சு மணி இருக்கும். பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கினு இருந்தேன். அம்மா வந்து நின்னாங்க. 'தாடை இழுக்குதுடா, ரெண்டு தோளுக்கும் நடுவுல வலிக்குது'ன்னாங்க. மூஞ்சியெல்லாம் வேர்வை. நெஞ்சு வலின்னு சொல்லல மேடம். அந்த வார்த்தைய மட்டும் சொல்லியிருந்தாங்கன்னா..."

டாக்டர் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

"'வாயுவா இருக்கும், அப்பாவ எழுப்பிச் சொல்லு'ன்னுட்டு ஓடிட்டேன். பஸ்ஸ விட்டா ஆப்சென்ட் போட்டுருவாங்க. அன்னிக்குப் பாத்து பஸ்ஸு பத்து நிமிஷம் லேட்டு. ஸ்டாப்புல சும்மா நின்னுக்கினு இருந்தேன் மேடம். வூடு கூப்பிடு தூரம். ஒரு எட்டு திரும்பி வந்து பாத்திருக்கலாம். போன்ல வீடியோ பாத்துக்கினு இருந்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தேழு. அதற்குமேல் முள் எனக்குத் தெரியவில்லை. சுவரே தெரியவில்லை.

"நெறைய பொம்பளைங்களுக்கு இப்படித்தான் வருது" என்று டாக்டர் சொல்வது எங்கிருந்தோ கேட்டது. "தாடை, முதுகு, வேர்வை, காரணமில்லாத அசதி. நெஞ்சு வலி பெருசா இல்லாமலே வரலாம். இது நெறைய பேருக்குத் தெரியாது. தெரியாததுக்கு நீங்க தண்டனை அனுபவிக்கணுமா?"

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவளுடைய செருப்பைப் பற்றி, அவள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. திரும்பத் திரும்ப அந்தப் பத்து நிமிடம். என் கை அவன் முதுகிலேயே இருந்தது. என் வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது என் பல்லையெல்லாம் உடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. பிடித்துவைத்தேன்.

கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம் அய்யா."

என் ஆயுளில் அதைவிடச் சின்னக் கதை நான் சொன்னதில்லை.

"எங்கிட்ட முந்தின நாளே சொன்னாடா."

மணிமாறன் திரும்பினான்.

"எத்தன மணிக்கு?"

"சாயந்தரம். ஆறு, ஆறேகாலு. பக்கத்து வூட்டு ஆளுங்களுக்குக் கதை சொல்லிக்கினு இருந்தேன். தாடை வலிக்குதுன்னா."

"நீ இன்னா சொன்ன?"

"எங்கதையக் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் வலிக்குதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

நிறுத்த முடியவில்லை. "நீ போனப்புறம் எழுப்புனா. சோடா வாங்கிக்கினு வந்து எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தேன். எட்டரை வரைக்கும் சோடாதான் குடுத்துக்கினு இருந்தேன். நீ பத்து நிமிஷம்தான் நின்ன. நான் ஒரு ராத்திரி முழுக்க."

ஒன்றுகூட மிகைப்படுத்தவில்லை. சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

மணிமாறன் என் கையை முதுகிலிருந்து எடுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. எழுந்து, வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டான். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். மூச்சுப் பயிற்சி சொன்னார். திங்கட்கிழமை மெடிக்கலுக்கு ஒரு கடிதமும் தந்தார். "கொடுக்குறதும் கொடுக்காததும் உங்க விருப்பம். ஆனா இது வைத்தியத்துக்குக் கட்டுப்படுற வியாதி. வைத்தியம் பாத்துக்கினே வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அடுத்த புதன்கிழமை வாங்க. ரெண்டு பேரும்."

ஆட்டோவில் மணிமாறன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வீடு வரைக்கும் திரும்பவே இல்லை.

"உள்ள இன்னா பண்ணீங்க மாமா?" சத்யப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இப்படி ஆயிட்டாரு?"

"நான் ஒண்ணும் பண்ணல. நாப்பத்தேழு நிமிஷம் பேசாம இருந்தேன்."

"அளக்காதீங்க மாமா. தூங்கியிருப்பீங்க."

மதியம் குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மோட்டார் உறுமியது, ஓடவில்லை. பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். ஓடியது. அதன் பக்கத்திலேயே குத்துக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சத்யப்பிரியா வந்து நின்றாள்.

"சாப்டானா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டாரு. ரெண்டு தடவ சோறு வாங்குனாரு." தயங்கினாள். "ஒண்ணு கேக்கச் சொன்னாரு மாமா. நேர்ல வந்து கேக்க முடியலியாம்."

"இன்னாம்மா?"

"அத்தை கடைசியா உங்ககிட்ட இன்னா சொன்னாங்கன்னு. நெசமாச் சொன்னது."

பதினாறு பதில்களும் நாக்கு நுனிக்கு ஓடிவந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். பதினேழாவது ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"புதன்கிழமை சொல்றேன்னு சொல்லும்மா. அந்த ரூமுல வச்சு."

அவள் போகவில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்க தூங்கல மாமா. அவரு சொன்னாரு. முதுகுல வச்ச கைய எடுக்கவே இல்லியாமே."

"அப்போ ஒத்துக்கிறியா, நாப்பத்தேழு நிமிஷம்?"

துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நாப்பத்தேழு இல்ல மாமா. வெளியவும் ஒரு கடியாரம் இருந்துச்சு. அது ஒத்தக் கதவு, வார்த்த புரியாது, யாரு கொரலுன்னு மட்டும் கேக்கும். பதினொண்ணு பத்துக்கு உங்க கொரலு நின்னுச்சு. எப்படா மறுபடியும் உங்க கொரலு வரும், ஓடி வந்து வெளிய இழுத்துப் போடலாம்னு நானும் கண்ணு எடுக்காம பாத்துக்கினேதான் இருந்தேன். பன்னண்டே காலுக்குத்தான் வந்துச்சு."

விரல் விட்டு எண்ணுவதுபோல நிறுத்தினாள்.

"ஒரு மணி அஞ்சு நிமிஷம் மாமா. நீங்க கொறச்சுச் சொல்றீங்க."